எண்ணிக்கையின் அதிகாரம்: எடப்பாடி பழனிசாமியின் அரசியலும் சர்ச்சைகளும்

கஞ்சமலையை ஒட்டிய இளம்பிள்ளை, தறிச்சத்தத்திலேயே விடிந்து தறிச்சத்தத்திலேயே அடங்கும் ஊர். அதன் பட்டுப்புடவைகளும் கலப்பு நூல் சேலைகளும் தமிழகக் கடைவீதிகளுக்கெல்லாம் போகின்றன. அரசியல் வரைபடத்தில் இந்த ஊர் வீரபாண்டி சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. மேற்கே சற்றுத் தள்ளி எடப்பாடி. இரண்டு தொகுதிகளும் சேலம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியவை. வீரபாண்டியில் 2011, 2016, 2021 என மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் அ.தி.மு.க. வென்றது. சேலம் மக்களவைத் தொகுதியை 2019-லும் 2024-லும் தி.மு.க. கைப்பற்றியது. கோட்டைக்கு யார் போக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கும் டெல்லிக்கு யார் போக வேண்டும் என்பதற்கு வேறொரு கணக்கும் இந்தச் சமவெளியில் இருக்கின்றன.

இந்த இரட்டைக் கணக்கைப் புரிந்துகொள்ள எடப்பாடி கே. பழனிசாமியின் பொதுவாழ்வை முழுமையாகப் பார்க்க வேண்டும். அவரை 'தற்செயலாக வந்த முதல்வர்' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 'அடிமட்டத் தொண்டன் அடைந்த உயரம்' என்று கொண்டாடியவர்களும் உண்டு. இரு தரப்பும் சில உண்மைகளைக் கையில் வைத்திருக்கின்றன, சிலவற்றை விட்டுவிடுகின்றன. 1989 தொடங்கி 2025 வரையிலான பதிவை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. தலைகளை எண்ணக்கூடிய அவைகளில் அவர் ஏறத்தாழத் தோற்றதே இல்லை. எண்ண முடியாத கூட்டம் வாக்களிக்கும் இடங்களில் அவருடைய வெற்றி சொந்த மண்ணைத் தாண்டிப் பரவவில்லை. அவரைச் சுற்றிய சர்ச்சைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் முளைத்தவை.

தோல்விகளின் பதினைந்து ஆண்டுகள்

எடப்பாடிக்கு அருகே சிலுவம்பாளையத்தில் 1954-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பழனிசாமி. இளவயதில் வெல்ல வியாபாரம் செய்தவர். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1974-ல், அதில் சேர்ந்தார். கிளைச் செயலாளராகத் தொடங்கியவன் என்று அவரே மேடைகளில் சொல்வதுண்டு.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி இரண்டானபோது ஜெயலலிதா அணியின் பக்கம் நின்றார். 1989 தேர்தலில் அந்த அணியின் சேவல் சின்னத்தில் எடப்பாடியில் போட்டியிட்டு வென்றார். 1991-ல் மீண்டும் வென்றார். அடுத்து வந்தது, அவருடைய வாழ்க்கைச் சுருக்கங்கள் வேகமாகக் கடந்துபோகும் காலம். 1996-ல் எடப்பாடியில் தோல்வி. 1998-ல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் வெற்றி. ஆனால் அந்த மக்களவை அடுத்த ஆண்டே கலைந்தது. 1999-ல் அதே தொகுதியில் ம.தி.மு.க.வின் மு. கண்ணப்பனிடமும் 2004-ல் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனிடமும் தோற்றார். 2006-ல் எடப்பாடியில் பா.ம.க.வின் காவேரியிடம் தோல்வி.

ஆக 1996 முதல் 2011 வரை அவர் பெற்றது ஒரே ஒரு வெற்றி. வேறு கட்சியாக இருந்தால் இப்படிப்பட்டவருக்கு அடுத்த முறை சீட்டு கிடைப்பதே சந்தேகம். அ.தி.மு.க.வில் நிலைமை வேறு. அங்கே வேட்பாளரின் செல்வாக்கைவிடத் தலைமையின் நம்பிக்கைதான் பெரிது. அந்த நம்பிக்கையை அவர் இழக்கவில்லை. 2011-ல் எடப்பாடியில் வென்று நெடுஞ்சாலைத் துறை அமைச்சரானார். 2016-க்குப் பின் பொதுப்பணித் துறையும் சேர்ந்தது. சாலை, பாசனம், கட்டுமானம் என ஒப்பந்தங்கள் அதிகம் புழங்கும் துறைகள் இவை. பின்னாளில் அவர் மீது எழுந்த ஊழல் புகாரின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

122-க்கு 11

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ல் மறைந்தார். அன்றிரவே ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். 2017 பிப்ரவரி 5-ல் வி.கே. சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வு செய்யப்பட, பன்னீர்செல்வம் பதவி விலகினார். இரண்டு நாள் கழித்து மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்தெழுந்து, தான் வற்புறுத்தப்பட்டதாகச் சொன்னார். சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் சொகுசு விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். பிப்ரவரி 14-ல் சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சசிகலாவின் தண்டனையை உறுதி செய்தது. அன்றே பழனிசாமி சட்டமன்றக் கட்சித் தலைவராக அறிவிக்கப்பட்டார். 16-ம் தேதி பதவியேற்றார். 18-ம் தேதி அவையில் 122 வாக்குகள் ஆதரவாகவும் 11 வாக்குகள் எதிராகவும் விழுந்தன.

அந்த வாக்கெடுப்பைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. விடுதியிலிருந்து நேராக அழைத்துவரப்பட்டவர்களுக்கு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று பன்னீர்செல்வம் அணியும் தி.மு.க.வும் கேட்டன. சபாநாயகர் ப. தனபால் மறுத்துவிட்டார். அமளிக்குப் பின் தி.மு.க. உறுப்பினர்கள் அவைக்காவலர்களால் வெளியேற்றப்பட்டனர். காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. கிழிந்த சட்டையுடன் வெளியே வந்தார் மு.க. ஸ்டாலின். பிரதான எதிர்க்கட்சி உள்ளே இல்லாதபோது நடந்தது நம்பிக்கை வாக்கெடுப்பு ஆகுமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. எதிர்க்கட்சி முழுவதும் உள்ளே இருந்து எதிர்த்து வாக்களித்திருந்தாலும் 122 என்பது பெரும்பான்மைக்குத் தேவையான 117-ஐவிட அதிகம்தானே என்பது ஆளுங்கட்சியின் பதில்.

இரண்டு வாதங்களுக்கும் தமிழக வரலாற்றில் ஓர் உரைகல் உண்டு. எம்.ஜி.ஆர். மறைந்த அடுத்த மாதம், 1988 ஜனவரி 28 அன்று ஜானகி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் அவைக்குள் அடிதடி நடந்து காவல்துறை நுழைந்தது. ஓரிரு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. அது நடந்தது எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்புக்கு முன்னால். பெரும்பான்மையைச் சோதிக்க வேண்டிய இடம் ஆளுநர் மாளிகை அல்ல, அவையே என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்ன பிறகு, அவைக் குறிப்பில் பதிவாகும் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட மறுக்கமுடியாத வலிமை வந்துவிட்டது. 1988-ல் ஜானகிக்குக் கிடைக்காத காப்பு 2017-ல் பழனிசாமிக்குக் கிடைத்தது.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2021-ல் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1998 முதல் பிரதமராக இருந்த துய்லைபா சைலேலே, ஏப்ரல் தேர்தலில் ஓரிட வித்தியாசத்தில் பெரும்பான்மையை இழந்தும் பதவியை விட்டு இறங்கவில்லை. மே 24-ல் நாடாளுமன்றக் கதவு பூட்டப்பட்டிருக்க, வெற்றிபெற்ற ஃபியாமே நவோமி மட்டாஃபா வெளியே போட்ட பந்தலில் பதவியேற்றார். அது செல்லும் என்று ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவித்த பின்தான் சிக்கல் தீர்ந்தது. அங்கே எண்ணிக்கை இருந்தவருக்கு அவை கிடைக்கவில்லை. இங்கே அவையும் எண்ணிக்கையும் ஒருவரிடமே இருந்தன. கேள்வி அந்த எண்ணிக்கை எப்படித் திரட்டப்பட்டது என்பதைப் பற்றியது. அங்கே எழுந்த கேள்விக்கு நீதிமன்றத்தால் பதில் சொல்ல முடியும். இங்கே எழுந்த கேள்வி தேர்தல்வரை தொங்கிக்கொண்டே இருக்கும். 'சசிகலா காலடியில் தவழ்ந்து பதவி பெற்றவர்' என்ற ஏச்சு 2021 பிரசாரம் வரை அவரைத் துரத்தியது இதனால்தான். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்துத்தான் வந்தேன் என்பது அவருடைய பதில்.

பதினெட்டும் பதினொன்றும்

2017 ஆகஸ்ட் 21-ல் பன்னீர்செல்வம் அணி திரும்பி வந்தது. அவர் துணை முதல்வரானார். செப்டம்பர் 12-ல் கூடிய பொதுக்குழு, பொதுச்செயலாளர் பதவியை ஜெயலலிதாவுக்கே நிரந்தரமாக ஒதுக்கி, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரட்டைத் தலைமையை உருவாக்கியது. பழனிசாமி யாரால் முதல்வரானாரோ அந்தச் சசிகலாவின் தரப்பு கட்சிக்கு வெளியே தள்ளப்பட்டது.

இணைப்பு நடந்த மறுநாள், சசிகலா தரப்பின் டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரிடம் முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று கடிதம் கொடுத்தனர். ஒருவர் திரும்பிவிட்டார். மற்ற 18 பேரைச் சபாநாயகர் செப்டம்பர் 18-ல் தகுதிநீக்கம் செய்தார். இதன் பின்னால் எளிய கழித்தல் கணக்கு ஒன்று இருந்தது. 233 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 117 பேர் வேண்டும். 18 பேரைக் கழித்துவிட்டால் அவை 215 ஆகிறது, 108 பேர் போதும்.

கட்சியை விட்டுப் போகவில்லை, முதல்வரை மாற்றத்தான் கேட்டோம் என்பது 18 பேரின் வாதம். கர்நாடகத்தில் எடியூரப்பாவுக்கு எதிராக 2010-ல் கடிதம் கொடுத்த பா.ஜ.க. உறுப்பினர்களின் தகுதிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011-ல் ரத்து செய்ததை அவர்கள் முன்னுதாரணமாகக் காட்டினர். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14-ல் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு எழுதினர். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ல் தகுதிநீக்கம் செல்லும் என்றார்.

சட்டப்படி முடிந்துபோன இந்த விவகாரத்தில் நியாயப்படி இரண்டு நெருடல்கள் எஞ்சுகின்றன. ஒன்று, 2017 பிப்ரவரியில் கொறடா உத்தரவை மீறி அரசுக்கு எதிராகவே வாக்களித்த பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் மீது நடவடிக்கை எதுவும் இல்லை. கடிதம் கொடுத்தவர்கள் பதவி இழந்தார்கள், எதிர்த்து வாக்களித்தவர்களின் தலைவர் துணை முதல்வரானார். அந்தப் புகார் மீது சபாநாயகரே முடிவெடுக்கட்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. மற்றொன்று, 18 தொகுதி மக்களுக்கு 2019 மே மாதம் இடைத்தேர்தல் முடிவுகள் வரும் வரை, ஏறத்தாழ இருபது மாதம், சட்டமன்றத்தில் பிரதிநிதியே இல்லை.

இதைப் பழனிசாமி ஒருவரின் குறையாக எழுதிவிட முடியாது. ஆளுங்கட்சிக்காரரான சபாநாயகரிடம் தகுதிநீக்க அதிகாரத்தைக் கொடுத்திருக்கும் பத்தாவது அட்டவணையின் குறை அது. இந்த அதிகாரத்தை நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் மாற்றலாம் என்று நாடாளுமன்றத்துக்கு உச்ச நீதிமன்றமே 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கொன்றில் யோசனை சொன்னது. ஆனால் அந்த ஓட்டை இருக்கும்வரை அதைப் பயன்படுத்துவதில் அவர் தயங்கவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது.

அந்த 18 உட்பட 22 தொகுதிகளின் இடைத்தேர்தலில் 9 இடங்களை வென்று, 114 ஆக இருந்த தன் பலத்தை அ.தி.மு.க. 123 ஆக உயர்த்திக்கொண்டது. அன்றைக்கே எண்ணப்பட்ட மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சிக்குத் தேனி மட்டுமே கிடைத்தது. ஆட்சியைக் காப்பாற்றப் போதுமான இடம் கிடைத்தது, மக்களின் பொது மனநிலை வேறாக இருந்தது. ஆறு மாதம் தாங்காது என்று சொல்லப்பட்ட அரசு நான்கு ஆண்டு இரண்டு மாதம் நீடித்தது.

துப்பாக்கி, நிலம், காவல் நிலையம்

அவருடைய ஆட்சியின் மீது படிந்த ஆழமான கறை தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்றும் அதைத் தொடர்ந்தும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று முதல்வர் சொன்னது அதிர்ச்சியை இரட்டிப்பாக்கியது. மே 28-ல் ஆலையை மூட அரசாணை பிறப்பித்ததும், ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்ததும் அவருடைய அரசுதான். அந்த ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் பேரவையில் வைக்கப்பட்டது. தலைமைச் செயலாளர், காவல்துறைத் தலைவர், உளவுத்துறை அதிகாரி ஆகியோர் முதல்வருக்கு உடனுக்குடன் தகவல் தந்ததாகச் சாட்சியம் இருப்பதைச் சுட்டி, அவருடைய கூற்று உண்மைக்கு மாறானது என்று அது சொன்னது. காவல்துறையைத் தன்னிடமே வைத்திருந்த முதல்வருக்கு இது சாதாரணக் கண்டனம் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோதும், உடல்நலக் குறைவைக் காரணமாகச் சொன்ன முதல் அறிக்கை இதே குற்றச்சாட்டை எழுப்பியது. அதிகாரி எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிப்பவர் என்ற பெயர் அதன்பின் அவரை விட்டு அகலவில்லை.

சேலத்துக்காரர்களை நேரடியாகத் தொட்டது எட்டு வழிச்சாலை. அரியானூரில் தொடங்கிச் சென்னை வரை 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய்த் திட்டம். இளம்பிள்ளைச் சேலை மூட்டைகள் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கும் பகுதி அது. பயண நேரம் பாதியாகும், ஏற்றுமதி வளரும், தொழில் பெருகும் என்றார் முதல்வர். தென்னந்தோப்பும் கிணறும் வீடும் போகிற வழியில் இருந்தவர்கள் அளவைக் கற்களைப் பிடுங்கிப் போட்டார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றாலும் நிலமெடுப்பைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்றது. 'நானும் விவசாயி' என்று தன்னை அடையாளப்படுத்திக்கொண்டவர், தன் மாவட்டத்து விவசாயிகளின் எதிர்ப்பைக் காவல்துறையைக் கொண்டு சந்தித்தார். அவருடைய அரசியலின் கூர்மையான முரண்களில் இது ஒன்று.

டெண்டரும் கொடநாடும்

ஊழல் புகாரில் முதன்மையானது நெடுஞ்சாலை ஒப்பந்த விவகாரம். சுமார் 4,800 கோடி ரூபாய்ப் பணிகள் முதல்வரின் உறவினர்களுக்கும் நெருக்கமானவர்களுக்கும் தரப்பட்டதாக தி.மு.க.வின் ஆர்.எஸ். பாரதி 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுத்தார். அக்டோபர் 12-ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2022 ஆகஸ்டில் அந்த உத்தரவை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் பாரதியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2018-ல் நடந்த ஆரம்பகட்ட விசாரணை குற்றமில்லை என்று முடிந்திருக்க, ஆட்சி மாறியது என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு விசாரணை நடத்த முடியாது என்றும் சொன்னது.

இதை எப்படி வாசிப்பது? அவர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இதைச் சொல்லாமல் 'ஊழல் முதல்வர்' என்று எழுதுவது நேர்மையில்லை. அதேநேரம், 2018-ன் ஆரம்பகட்ட விசாரணையை நடத்தியது அவருடைய ஆட்சியின் கீழிருந்த துறைதான். முழு விசாரணை எதுவும் நடக்கவே இல்லை. ஆளுங்கட்சியில் இருந்தால் சுத்தம், எதிர்க்கட்சியானால் புது விசாரணை என்ற வழக்கம் இரு கழகங்களுக்கும் பொது. இதனால் மக்களுக்குக் கிடைக்க வேண்டிய பதில் எந்தப் பக்கமும் கிடைக்காமல் போகிறது.

கொடநாடு விவகாரம் வேறு வகை. ஜெயலலிதாவின் நீலகிரி எஸ்டேட்டில் 2017 ஏப்ரலில் கொலையும் கொள்ளையும் நடந்தன. தேடப்பட்டவர்களில் ஒருவரான முன்னாள் ஓட்டுநர் சில நாட்களில் ஆத்தூர் அருகே சாலை விபத்தில் இறந்தார். 2019 ஜனவரியில் பத்திரிகையாளர் மேத்யூ சாமுவேல் வெளியிட்ட காணொளி பழனிசாமியை இதில் தொடர்புபடுத்தியது. அவர் மறுத்து மானநஷ்ட வழக்குப் போட்டார். 2024 நவம்பரில் 1.10 கோடி ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மர்மம் நிறைந்த வழக்கு என்பதாலேயே ஒருவரின் பெயரை அதோடு முடிச்சுப் போட்டுவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

டெல்லியின் நிழல்

மத்திய அரசோடு அவர் காட்டிய இணக்கம் பற்றிய விவாதத்துக்குத் தறிக்கார ஊர்களில் தனிச் சூடு உண்டு. சரக்கு மற்றும் சேவை வரியை ஜெயலலிதா கடைசிவரை எதிர்த்தார். பழனிசாமி அரசு 2017 ஜூனில் அதற்கான சட்டத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. ஜூலை முதல் துணிக்கு 5 சதவீத வரி வந்தது. பில் போடாமலேயே நம்பிக்கையில் ஏவாரம் ஓடிக்கொண்டிருந்த தறிப்பட்டறைகள் கணக்காளர்களைத் தேடி ஓடின. எந்த மாநிலமும் அதிலிருந்து தப்பியிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் 'அம்மா இருந்திருந்தால்' என்ற பேச்சுக்கு அது இடம் கொடுத்தது.

இன்னும் கனமானது குடியுரிமைத் திருத்தச் சட்டம். 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று அது நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 வாக்குகள் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114-க்கு 116 என்று மசோதா விழுந்திருக்கும். எண்ணிக்கையால் பிழைத்த தலைவரின் கட்சி, எண்ணிக்கை உண்மையிலேயே வரலாற்றை மாற்றக்கூடிய ஒரு தருணத்தில் மத்திய அரசின் பக்கம் நின்றது. 2020-ன் வேளாண் சட்டங்களையும் ஆதரித்தது. மாநிலத்துக்கு நிதியும் திட்டங்களும் வேண்டுமானால் இணக்கம் தேவை என்பது அவர் தரப்பு வாதம். பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். நீட் தேர்விலிருந்து விலக்கு கேட்டு 2017-ல் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதை எதிர்த்தரப்பு காட்டும்.

வரவுப் பக்கம்

சர்ச்சைகளை மட்டும் அடுக்கினால் அவர் ஏன் மேற்கில் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறார் என்பது புரியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவருடைய ஆட்சியின் தலைசிறந்த முடிவு. ஆளுநர் ஒப்புதலை இழுத்தடித்தபோது, 2020 அக்டோபர் 29-ல் அரசாணையாகவே வெளியிட்டார். மறுநாள் ஒப்புதல் வந்தது. தறிக்கூலி வாங்கும் வீட்டுப் பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குள் போக முடிந்ததை எந்தக் கட்சிக்காரரும் மறுப்பதில்லை. அடுத்து வந்த அரசும் அதைத் தொடர்ந்தது.

காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. ஏரி குளங்களைத் தூர்வாரும் குடிமராமத்து 2017-ல் தொடங்கியது. தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை உள்ளிட்ட ஆறு மாவட்டங்கள் பிறந்தன. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது.

உள்ளூர்க்காரர்கள் அதிகம் பேசுவது மேட்டூர் உபரிநீர்த் திட்டத்தை. அணை நிரம்பி வழியும் காலத்தில் வீணாகும் நீரை ஏற்றி, சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டம் அது. 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிய மண்ணில் ஏரிக்குத் தண்ணீர் என்பது வாக்குக்கும் மேலான வாக்குறுதி. டெல்டா விவசாயிகள் எங்கள் பங்கில் கைவைப்பதா என்று எதிர்த்தனர். உபரியைத்தான் எடுக்கிறோம் என்றது அரசு. தன் மாவட்டத்துக்கே எல்லாவற்றையும் கொண்டுபோனார் என்ற குறையும், தன் மண்ணை மறக்காதவர் என்ற பாராட்டும் இதே திட்டத்திலிருந்து பிறந்தவை.

வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு இதற்கு நேர்மாறான கதை. 2021 பிப்ரவரி 26-ல், தேர்தல் தேதி அறிவிப்புக்குச் சற்று முன்பு, அவசரமாக நிறைவேறியது. பா.ம.க. கூட்டணியில் நின்றது. நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் போதிய தரவு இல்லை என்று அதை உறுதிப்படுத்தியது. சேலம் பகுதியில் கிடைத்த பலனுக்குத் தென்மாவட்டங்களில் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

கட்சி என்னும் அவை

2021 தேர்தலில் தி.மு.க. கூட்டணி 159 இடங்களும் அ.தி.மு.க. கூட்டணி 75 இடங்களும் பெற்றன. பத்தாண்டு ஆட்சிக்குப் பிறகு, ஜெயலலிதா இல்லாத முதல் பேரவைத் தேர்தலில் இது படுதோல்வி அல்ல. ஆனால் அந்த 75 எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10, கோவை மாவட்டத்தின் பத்தும் பத்து. எடப்பாடியில் மட்டும் 93,802 வாக்கு வித்தியாசம். ஒரு மாநிலக் கட்சி கொங்குக் கட்சியாகச் சுருங்குகிறதோ என்ற கேள்வி அன்றே எழுந்தது.

எதிர்க்கட்சித் தலைவரான பின் அவருடைய கவனம் ஒற்றைத் தலைமை மீது திரும்பியது. 2022 ஜூன் 23 பொதுக்குழுவில் பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஜூலை 11-ல் வானகரத்தில் கூடிய பொதுக்குழு பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தை நீக்கியது. அதே நேரத்தில் ராயப்பேட்டைத் தலைமையகத்தில் கலவரம் நடந்து கட்டடத்துக்கு சீல் வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 17-ல் தனி நீதிபதி பழைய நிலையே தொடர வேண்டும் என்றார். செப்டம்பர் 2-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அமர்வின் முடிவை உறுதி செய்தது. மார்ச் 28-ல் அவர் பொதுச்செயலாளர் ஆனார்.

2017-ல் கண்ட அதே வழிமுறைதான். பொதுக்குழு உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையினர் கையெழுத்திட்டார்கள், நீதிமன்றம் நடைமுறையைச் சரிபார்த்தது, எதிர்த்தவர் வெளியே நின்றார். ஆனால் இங்கே ஒன்று கூடுதல். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். வைத்த விதி. அந்த விதி நீக்கப்படவில்லை. ஆனால் போட்டியிடுபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்து ஆண்டு தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் புதிதாகச் சேர்ந்தன. 2023-ல் வேட்புமனு செய்தவர் ஒருவரே. வாக்குப்பதிவு நடக்கவில்லை.

திறந்த களம்

கட்சி கைக்கு வந்த பின் களம் எப்படி இருந்தது? உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த சில நாட்களில் நடந்த ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில், கொங்கு மண்ணிலேயே, பெரிய வித்தியாசத்தில் தோல்வி. 2023 செப்டம்பர் 25-ல் பா.ஜ.க. கூட்டணியை முறித்தார். அண்ணாவையும் ஜெயலலிதாவையும் பற்றி பா.ஜ.க.வின் அண்ணாமலை பேசியது உடனடிக் காரணம். சிறுபான்மையினர் வாக்கு திரும்பும் என்பது எதிர்பார்ப்பு. 2024 மக்களவைத் தேர்தலில் ஓரிடமும் கிடைக்கவில்லை. சேலத்தில் வென்ற டி.எம். செல்வகணபதி ஒரு காலத்தில் அ.தி.மு.க. அமைச்சராக இருந்தவர். விக்கிரவாண்டி, 2025 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல்களைக் கட்சி புறக்கணித்தது. 2025 ஏப்ரல் 11-ல் அமித் ஷா சென்னையில் கூட்டணியை மீண்டும் அறிவித்தார். பிரிந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்று செப்டம்பரில் குரல் கொடுத்த கோபிசெட்டிப்பாளையம் கே.ஏ. செங்கோட்டையன் பொறுப்புகளிலிருந்தும், அக்டோபர் 31-ல் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். நவம்பரில் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். சசிகலா, தினகரன், பன்னீர்செல்வம், செங்கோட்டையன் என்று ஒவ்வொரு நீக்கமும் கட்சிக்குள் அவருடைய பிடியை இறுக்கியது. ஒவ்வொன்றும் வெளியே ஒரு வாக்கு வட்டாரத்தையும் கழித்தது.

எதை வைத்து மதிப்பிடுவது?

அவரை ஆதரிக்கும் ஆய்வாளர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. சினிமாப் புகழோ பேச்சாற்றலோ குடும்பப் பின்னணியோ இல்லாமல், இரண்டு மகத்தான கவர்ச்சித் தலைவர்களின் கட்சியைச் சிதறவிடாமல் நான்காண்டு ஆட்சி நடத்தினார். நீதிமன்றத்தில் அவர் கட்சித் தலைமைக்காகப் போராடிய பெரிய வழக்குகளில் இறுதி வெற்றி அவருக்கே. அவர் மீதான ஊழல் புகார் எதுவும் தண்டனையில் முடியவில்லை.

எதிர்ப்போர் சொல்வதிலும் வலு குறைவில்லை. 2017-ல் ஒரு சட்டமன்றத்தின் எண்ணிக்கையும் 2022-ல் ஒரு பொதுக்குழுவின் எண்ணிக்கையும் அவருக்குத் தந்தது பதவியை. தூத்துக்குடியில் தேவைப்பட்டதும் குடியுரிமைச் சட்டத்தில் தேவைப்பட்டதும் வேறு. அங்கே எண்ணிக்கையைத் தாண்டிய ஒரு நிலைப்பாடு வேண்டியிருந்தது. அது வரவில்லை.

இந்தச் சமவெளி வாக்காளர் இரண்டையும் தனித்தனியே எடை போட்டிருக்கிறார் என்றுதான் தேர்தல் முடிவுகள் சொல்கின்றன. ஏரித் தண்ணீரும் சாலையும் பயிர்க்கடனும் கேட்கும் சட்டமன்றத் தேர்தலில் நம்மூர்க்காரருக்கு வாக்கு. மாநில உரிமையும் டெல்லியும் பேசப்படும் மக்களவைத் தேர்தலில் எதிரணிக்கு வாக்கு. இதில் முரண்பாடு இல்லை. அவரிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது என்ற தெளிவு இருக்கிறது.

ஒரு தலைமை செல்லுமா என்று நீதிமன்றம் சொல்லலாம். அது ஏற்கப்பட்டதா என்று சொல்லும் தகுதி நீதிமன்றத்துக்கு இல்லை. பொதுத்தேர்தலுக்கு வெளியே அந்தச் சோதனைக்குத் தமிழகக் கட்சிகளில் இடம் அரிது. பிற கட்சிகளிலும் தலைவர் பதவிக்குப் போட்டி நடப்பதைக் காண்பது கடினம். அ.தி.மு.க.விலோ அந்த வாய்ப்பு விதியாகவே எழுதப்பட்டிருந்தது. பொதுக்குழு முழுவதும் பின்னால் நின்ற 2023-ல், நிபந்தனைகள் இல்லாமல் அடிப்படை உறுப்பினர்களின் வாக்கெடுப்பை அவர் சந்தித்திருந்தால், வென்றிருக்கவே வாய்ப்பு அதிகம். கூவத்தூரின் ஏச்சுக்கு அதைவிடச் சிறந்த பதில் இருந்திருக்காது. அந்தப் பதிலைச் சொல்லும் வாய்ப்பை அடைத்தவர்கள் அவருடைய எதிரிகள் அல்லர். அவரைத் தலைவராக்கிய பொதுக்குழுதான் அதை அடைத்தது.